எமுலேட்டரில் படம் கெட்டுத் தெரிந்தால் எங்கிருந்து தொடங்குவது

அக்கா மகன் ஒருநாள் இரவு பதினொரு மணிக்கு போன் செய்தான். "மாமா, கேம்ல எல்லாரும் ரெண்டு ரெண்டா தெரியுறாங்க. லேப்டாப் போயிடுச்சா?"

லேப்டாப்புக்கு ஒன்றும் ஆகவில்லை. பிளேஸ்டேஷன் 2 கேம் ஒன்றை எமுலேட்டரில் (பழைய கன்சோல் போல நடந்து அதன் கேம்களைக் கணினியில் ஓட்டும் மென்பொருள்) போட்டு, படம் பளிச்சென்று இருக்கட்டும் என்று ரெசல்யூஷனை ஆறு மடங்குக்கு ஏற்றியிருந்தான். ஒவ்வொரு ஆளுக்குப் பக்கத்திலும் ஆவி மாதிரி இன்னொரு உருவம் வந்து நின்றது. அதை விரட்ட யார் யாரோ சொன்னதையெல்லாம் கேட்டு, ஒரு மணி நேரத்தில் பத்துப் பதினைந்து செட்டிங்குகளை மாற்றிவிட்டான். ஆவி போகவில்லை. கூடவே நிழல்கள் கறுப்புக் கட்டிகளாக மாறி, எழுத்துகளைச் சுற்றிக் கோடுகளும் விழுந்துவிட்டன. எது நோய், எது மருந்தால் வந்த கோளாறு என்று பிரிக்கவே முடியவில்லை. எல்லாவற்றையும் ஆரம்ப நிலைக்குக் கொண்டுபோய், அப்புறம் ஒரே ஒரு இடத்தைத் தொட்டோம். ஆவி போய்விட்டது.

அந்த வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன். எமுலேட்டரை நிறுவி, உங்களிடம் இருக்கும் டிஸ்க்கிலிருந்து கேமை எடுத்து, ஓடவிடும்வரை வந்துவிட்டீர்கள், படம்தான் சரியில்லை என்றால் இது உங்களுக்கு. உதாரணங்களைப் பெரும்பாலும் பிளேஸ்டேஷன் 1, 2 இரண்டிலிருந்தே எடுக்கிறேன். புதிதாக வருகிறவர்கள் அதிகம் மாட்டிக்கொள்வது அங்கேதான்.

## இது கோளாறுதானா?

கேள்வி வேடிக்கையாக இருக்கலாம். ஆனால் என்னிடம் வரும் புகார்களில் நிறைய, அசல் கன்சோலின் குணத்தைப் பற்றியவைதான்.

பிளேஸ்டேஷன் 1-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 1994 டிசம்பரில் ஜப்பானில் வெளிவந்த இயந்திரம். அதில் சுவருக்குப் பக்கத்தில் போனால் சுவர் நெளியும், நிற்கிற ஆளின் தோளும் முழங்காலும் நடுங்கும். காரணம் இருக்கிறது. முப்பரிமாணப் புள்ளிகளைத் திரைக்குக் கொண்டுவரும்போது அந்த இயந்திரம் முழு எண்களைத்தான் கையாளும். அரைப் பிக்சல், கால் பிக்சல் என்ற பேச்சே இல்லை. அதனால் மெதுவாக வழுக்கிப் போகவேண்டிய முனை, ஒரு பிக்சலிலிருந்து அடுத்த பிக்சலுக்குத் தாவுகிறது. டெக்ஸ்சரை, அதாவது மேற்பரப்புப் படத்தை, பாலிகன் என்ற தட்டை வடிவத்தின் மேல் விரிக்கும்போதும் எந்த முனை கிட்டே, எந்த முனை தூரத்தில் என்று பார்ப்பதில்லை. ரப்பர் துணியை இழுத்து நாலு மூலையிலும் ஆணியடித்த மாதிரி ஒட்டிவிடும். ஆழத்தைப் பதிந்துவைக்கும் இசட் பஃபரும் கிடையாது. எது முன்னால், எது பின்னால் என்று கேம்தான் அடுக்கித் தரவேண்டும். அடுக்கு கொஞ்சம் பிசகினால் ஒருவனுடைய கை சுவரைத் தாண்டி எட்டிப் பார்க்கும்.

பெரும்பாலான கேம்கள் 320-க்கு 240 என்ற அளவில்தான் ஓடின. சின்ன டிவியில் இதெல்லாம் கண்ணை உறுத்தவில்லை. அதையே பெரிய மானிட்டரில் பார்க்கும்போது உறுத்துகிறது. படம் முழுக்கத் தெரியும் பொடிப்பொடிப் புள்ளிகளும் இந்தக் கதைதான். 15 பிட் நிறத்தை வைத்துக்கொண்டு கூடுதல் நிறங்கள் இருப்பதாக நம்மை நம்பவைக்க அந்தக் கன்சோல் செய்த வித்தை அது.

இன்னும் பழைய கேம்களிலும் இப்படி உண்டு. 1991-இல் வந்த முதல் சோனிக் கேமின் முதல் கட்டத்திலேயே ஒரு நீர்வீழ்ச்சி இருக்கிறது. எமுலேட்டரில் அது நெடுக்குக் கோடுகளாகத் தெரியும். அன்றைய டிவியின் மஞ்சள் நிற வீடியோ வயரில் படம் போகும்போது பக்கத்துப் பக்கத்துப் பிக்சல்கள் ஒன்றோடொன்று கலந்துவிடும், கோடுகள் ஒளி ஊடுருவும் தண்ணீராகத் தெரியும். வரைந்தவர்கள் அந்தக் கலப்பை நம்பியே வரைந்தார்கள். அந்தத் தோற்றம் வேண்டுமானால் பழைய டிவியைப் போலக் காட்டும் சிஆர்டி ஷேடர் ஒன்றைப் போடுங்கள் (ஷேடர் என்பது கிராபிக்ஸ் சிப்பில் ஓடும் குட்டி நிரல்).

நின்டென்டோவின் 8 பிட் பெட்டியில் ஆட்கள் மினுக்கி மினுக்கி மறைவதும் அசலே. ஒரு கிடைக்கோட்டில் எட்டு ஸ்பிரைட்டுகளுக்கு, அதாவது நகரும் குட்டிப் படங்களுக்கு, மேல் அதனால் காட்ட முடியாது. எட்டைத் தாண்டினால் கேம் அவற்றை மாறி மாறிக் காட்டும். நம் ஊரில் டிவி கேம் என்று விற்ற நகல் பெட்டிகளில் மரியோ விளையாடியவர்களுக்கு இது பழகிய காட்சி. எமுலேட்டர்களில் இந்த வரம்பை நீக்கும் வசதி உண்டு. ஆனால் சில கேம்கள் எதையாவது மறைப்பதற்கு இந்த வரம்பையே பயன்படுத்தியிருக்கின்றன, நீக்கினால் மறைந்திருக்க வேண்டியது வெளியே வரும். சூப்பர் மரியோ பிரதர்ஸ் 3-இல் பக்கவாட்டில் நகரும்போது ஓரத்தில் தெரியும் நிறம் மாறிய பட்டையும் எமுலேட்டரின் தவறில்லை. பழைய டிவியின் சட்டம் அந்த ஓரத்தை மறைத்துவிடும். ஓவர்ஸ்கேன் என்ற பெயரில் இருக்கும் செட்டிங்கில் ஓரத்தை வெட்டிவிடலாம்.

சந்தேகம் வந்தால் அசல் கன்சோலில் பதிவுசெய்த வீடியோவைத் தேடி அதே காட்சியைப் பாருங்கள். எமுலேட்டரில் பதிவானதைப் பார்த்து ஒப்பிட்டால் பயனில்லை. அங்கேயும் இருந்தால் விட்டுவிடலாம். இல்லையென்றால் அடுத்த படி.

## ஒரு மடங்குக்கு இறங்குங்கள்

எமுலேட்டர் படம் வரைய இரண்டு வழிகள் உண்டு. ஹார்டுவேர் ரெண்டரர் என்பது உங்கள் கிராபிக்ஸ் சிப்பைக் கொண்டு வரைவது. வேகமானது, ரெசல்யூஷனை ஏற்றவும் இடம் கொடுக்கும். சாஃப்ட்வேர் ரெண்டரர் என்பது பழைய கன்சோல் எப்படி வரைந்ததோ அப்படியே பிக்சல் பிக்சலாக பிராசஸரில் கணக்குப் போட்டு வரைவது. மெதுவானது, அசல் ரெசல்யூஷனில்தான் தெரியும், ஆனால் பொய் சொல்வது குறைவு. கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்க இதைவிட நல்ல சாட்சி இல்லை.

பிளேஸ்டேஷன் 2 எமுலேட்டரான பிசிஎஸ்எக்ஸ்2-இல் எஃப்9 விசையை அழுத்தினாலே கேம் ஓடிக்கொண்டிருக்கும்போதே இரண்டுக்கும் இடையே மாறிக்கொள்ளும். பிளேஸ்டேஷன் 1-க்கான டக்ஸ்டேஷனில் கிராபிக்ஸ் செட்டிங்ஸில் ரெண்டரர் பட்டியலில் சாஃப்ட்வேர் இருக்கிறது.

சோதனைக்கு முன் ஷேடர், டெக்ஸ்சர் பேக், அகலத்திரை பேட்ச், சீட் கோடு எல்லாவற்றையும் அணையுங்கள். ரெசல்யூஷனை ஒரு மடங்குக்கு, அதாவது நேட்டிவ் என்ற இடத்துக்குக் கொண்டுவாருங்கள். மற்ற செட்டிங்குகளை ஆரம்ப நிலைக்குத் திருப்புங்கள். இங்கே பலர் தவறவிடுவது ஒன்று உண்டு: குறிப்பிட்ட கேமுக்கென்று தனியாக வைத்த செட்டிங், பொதுச் செட்டிங்கை மீறிவிடும். ஆறு மாதத்துக்கு முன் எப்போதோ மாற்றி மறந்துபோனது அங்கே உட்கார்ந்திருக்கும். கேமின் பெயரில் வலது கிளிக் செய்து அதையும் காலிசெய்யுங்கள்.

இப்போது பாருங்கள். மூன்றில் ஒன்று நடக்கும்.

ஒரு மடங்கில், ஹார்டுவேர் ரெண்டரரிலேயே படம் சரியாகிவிட்டால் பிரச்சினை ரெசல்யூஷனை ஏற்றியதில், அல்லது நீங்கள் அணைத்த ஏதோ ஒன்றில் இருக்கிறது. பெரும்பாலும் இதுதான்.

ஒரு மடங்கிலும் ஹார்டுவேர் தவறாகக் காட்டி, சாஃப்ட்வேர் சரியாகக் காட்டினால், கிராபிக்ஸ் டிரைவரையோ துல்லியம் சம்பந்தப்பட்ட செட்டிங்கையோ பார்க்க வேண்டும்.

சாஃப்ட்வேரிலும் தவறு என்றால் கிராபிக்ஸ் செட்டிங்கை நோண்டி நேரத்தை வீணாக்க வேண்டாம். கேம் கோப்பு, சேவ் ஸ்டேட், எமுலேட்டரின் பதிப்பு ஆகியவற்றில் ஏதோ ஒன்று. நேராகக் கீழே அந்தப் பகுதிக்குப் போய்விடுங்கள்.

அணைத்தவற்றைத் திரும்பப் போடும்போது ஒன்று போட்டு, ஒருமுறை பார்த்து, அப்புறம் அடுத்தது. இரண்டை ஒன்றாக மாற்றாதீர்கள். நேரம் ஆகிறதே என்று தோன்றும். அக்கா மகன் செலவழித்த ஒரு மணி நேரத்தைவிடக் குறைவுதான்.

## பிளேஸ்டேஷன் 1: நடுக்கமும் கோடுகளும்

மேலே சொன்ன நடுக்கம் பிடிக்கவில்லை என்றால் டக்ஸ்டேஷனில் பிஜிஎக்ஸ்பி என்ற வசதியைப் போடலாம். பல எமுலேட்டர்களை ஒரே இடத்தில் ஓட்டும் ரெட்ரோஆர்ச்சின் பீட்டில் பிஎஸ்எக்ஸ் ஹெச்டபிள்யூ கோரிலும் உண்டு (கோர் என்பது அதற்குள் ஓடும் ஒரு எமுலேட்டர்). அசல் கன்சோல் தூக்கியெறிந்த பின்னப் பகுதிகளை எமுலேட்டர் தன் பக்கத்தில் சேமித்துவைத்து, வரையும்போது திரும்பச் சேர்ப்பதுதான் இதன் வேலை. சுவர் நேராகும், தோள் நடுங்காது.

ஆனால் இது கேமுக்குத் தெரியாமல் நடக்கும் வேலை. தன் புள்ளிகளைச் சுற்றிவளைத்து வேறு வழியில் கணக்குப் போடும் கேம்களில் சில பாலிகன்களுக்குப் பின்னம் கிடைக்கும், சிலவற்றுக்குக் கிடைக்காது. அப்போது இரண்டுக்கும் நடுவில் மயிரிழை மாதிரி விரிசல் தெரியும். படத்தில் திடீரென்று பொத்தல், வெள்ளைக் கோடு என்றால் முதலில் பிஜிஎக்ஸ்பியை அணைத்துப் பாருங்கள். அதன் கீழேயே டெப்த் பஃபர் என்று ஒரு உபவசதி உண்டு. இசட் பஃபரே இல்லாத இயந்திரத்துக்கு ஒன்றைச் செய்து கொடுக்கப் பார்க்கிறது. கேட்க நன்றாக இருக்கும், ஆனால் பல கேம்களில் பொருள்கள் முன்னும் பின்னுமாகக் குழம்பும். நான் அதைத் தொடுவதே இல்லை.

எழுத்துகளைச் சுற்றியும் இருபரிமாணப் படங்களின் ஓரத்திலும் கோடு விழுகிறதா? டெக்ஸ்சர் ஃபில்டரிங் போட்டிருப்பீர்கள். அந்தக் கன்சோலில் 1 எம்பி வீடியோ நினைவகத்துக்குள் எல்லாப் படங்களும் நெருக்கியடித்து அடுக்கப்பட்டிருக்கும். ஃபில்டர் ஒரு பிக்சலை வழவழப்பாக்கப் பக்கத்துப் பிக்சல்களையும் எடுத்துக் கலக்கும். ஓரத்துக்கு வந்தால் பக்கத்து வீட்டுப் படத்திலிருந்து எடுத்துவிடும். எழுத்து 'அ'வின் ஓரத்தில் 'ஆ'வின் துணுக்கு ஒட்டிக்கொள்வது இப்படித்தான். ஃபில்டரை 'நியரஸ்ட்' என்பதற்குத் திருப்புங்கள். இருபரிமாண ஸ்பிரைட்டுகளுக்கு மட்டும் தனியாக அணைக்கும் வசதி இருந்தால் அது போதும்.

ஃபைனல் ஃபேண்டஸி 7 போன்ற கேம்களில் ஆட்கள் கூர்மையாகவும் பின்னணி மங்கலாகவும் தெரிவதைப் பற்றிக் கேட்கிறார்கள். அந்தப் பின்னணிகள் முன்கூட்டியே வரைந்து சேமித்த படங்கள். எத்தனை மடங்கு ஏற்றினாலும் படத்தில் இல்லாத நுணுக்கம் வராது. அந்த மாதிரி கேமை இரண்டு மடங்கில் நிறுத்தி ஒரு சிஆர்டி ஷேடர் போட்டால் இரண்டும் ஒட்டிப்போகும். ஆட்களை மட்டும் எட்டு மடங்கில் பார்ப்பது, பழைய சுவரொட்டி மேல் புது ஸ்டிக்கர் ஒட்டியது போல இருக்கும். இது என் ரசனை, உங்களுடையது வேறாக இருக்கலாம்.

அகலத்திரை ஹாக் போட்டால் பக்கவாட்டில் மரமும் வீடும் திடீரென்று முளைக்கும், மறையும். 4:3 திரைக்கு வெளியே இருப்பதைக் கேம் வரையாமல் மிச்சம் பிடித்தது. நீங்கள் திரையை அகட்டியதும் அந்த மிச்சம் தெரிகிறது. அதற்கு மருந்து 4:3-க்கே திரும்புவதுதான்.

## பிளேஸ்டேஷன் 2: ஆவி ஏன் வருகிறது

இங்கே கொஞ்சம் நின்று பேசவேண்டும். காரணம் புரிந்துவிட்டால் பாதி செட்டிங்குகளின் பெயர் தானே புரியும்.

2000 மார்ச்சில் வந்த பிளேஸ்டேஷன் 2-இன் கிராபிக்ஸ் சிப்புக்குள் 4 எம்பி நினைவகம் இருந்தது. அளவு சிறிதானாலும் வேகம் அசாத்தியம். அதனால் கேம் எழுதியவர்கள் ஒரு பழக்கம் வைத்திருந்தார்கள்: காட்சியை வரைந்து முடித்ததும், அந்தப் படத்தையே டெக்ஸ்சராக எடுத்து, சுருக்கி, மங்கலாக்கி, அரைப் பிக்சல் தள்ளி, மீண்டும் அதே படத்தின் மேல் பூசுவார்கள். விளக்கைச் சுற்றித் தெரியும் ஒளிவட்டம், தூரத்து மங்கல், வெயிலின் கானல் எல்லாம் இப்படி வந்தவை.

இப்போது நீங்கள் ஆறு மடங்கு ஏற்றுகிறீர்கள். கேமுக்கு அது தெரியாது. அது சொன்ன அரைப் பிக்சல், உங்கள் திரையில் மூன்று பிக்சலாகிவிடுகிறது. மேலே பூசும் படம் அந்த அளவுக்கு விலகி விழுகிறது. அதுதான் ஆவி.

பிசிஎஸ்எக்ஸ்2-இல் இதற்கான மருந்தின் பெயர் ஹாஃப் பிக்சல் ஆஃப்செட். அதில் நாலைந்து தேர்வுகள் இருக்கும். எது பொருந்தும் என்பது கேமைப் பொறுத்தது, ஒவ்வொன்றாக மாற்றி ஆவி எதில் மறைகிறது என்று பார்க்க வேண்டியதுதான். ஒளிவட்டம் நிறைந்த இரவுக் காட்சியில் நின்றுகொண்டு சோதியுங்கள், வித்தியாசம் உடனே தெரியும்.

திரை முழுக்க ஒரே இடைவெளியில் செங்குத்துக் கோடுகள் வந்தால் காரணம் வேறு. முழுத்திரைப் பூச்சை அந்தக் கால கேம்கள் ஒரே மூச்சில் பூசாமல் பட்டை பட்டையாக வெட்டிப் பூசின. அந்த நினைவகத்துக்கு அதுதான் வேகம். ரெசல்யூஷன் ஏறும்போது பட்டைகளுக்கு நடுவில் தையல் தெரிகிறது. அலைன் ஸ்பிரைட், மெர்ஜ் ஸ்பிரைட் என்ற இரண்டில் ஒன்று அதைச் சரிசெய்யும். மெனு எழுத்துகளில் மட்டும் கோடு என்றால் ரவுண்ட் ஸ்பிரைட்.

இந்தத் தேர்வுகள் எல்லாம் மேனுவல் ஹார்டுவேர் ஃபிக்ஸஸ் என்ற டிக்கைப் போட்டால்தான் திறக்கும். இங்கேதான் கண்ணி. பிசிஎஸ்எக்ஸ்2-க்குள் ஆயிரக்கணக்கான கேம்களுக்கு என்னென்ன ஃபிக்ஸ் தேவை என்ற பட்டியல் ஏற்கெனவே இருக்கிறது, கேம் தொடங்கியதும் அது தானாகவே போட்டுக்கொள்ளும். மேனுவல் டிக்கைப் போட்ட நொடியில் அந்தத் தானியங்கி ஃபிக்ஸுகள் அணைந்துவிடும். அக்கா மகன் செய்தது இதுதான், அதுவும் எல்லாக் கேம்களுக்கும் பொதுவான செட்டிங்கில். எனவே முதலில் டிக் இல்லாமல் பாருங்கள். தேவைப்பட்டால் மட்டும், அந்த ஒரு கேமின் ப்ராப்பர்ட்டீஸுக்குள் போய்ப் போடுங்கள்.

நிழல் கறுப்புக் கட்டியாகவோ, தண்ணீரும் புகையும் பட்டை பட்டையாகவோ தெரிந்தால் பிளெண்டிங் அக்யூரசியைப் பாருங்கள். நிறங்களைக் கலக்கும்போது பிளேஸ்டேஷன் 2-ஆல் ஏறத்தாழ இரண்டு மடங்கு வரை பெருக்க முடியும். கணினியின் கிராபிக்ஸ் சிப் ஒன்றோடு நின்றுவிடும். மிச்சத்தை எமுலேட்டர் ஷேடரில் கணக்குப் போட்டு ஈடுகட்ட வேண்டும். பேசிக் என்ற நிலை பெரும்பாலானவற்றுக்குப் போதும். போதாதபோது மீடியம், ஹை என்று ஒவ்வொரு படியாக ஏற்றுங்கள். ஒரேயடியாக மேக்ஸிமத்துக்குப் போனால் படம் சரியாகி வேகம் படுத்துவிடும்.

ஸ்கிப் டிரா என்று ஒன்று உண்டு. தொந்தரவு தரும் பூச்சை வரையாமலே தாண்டிவிடும். ஆவியோடு ஒளிவட்டமும் போய்விடும், சில சமயம் நிழலும். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிற கதை. வேறு வழியே இல்லாதபோது பார்த்துக்கொள்ளலாம்.

படம் மேலும் கீழும் துடிக்கிறது, நகரும்போது ஓரங்கள் சீப்புப் பல்போலப் பிரிகின்றன என்றால் அது இன்டர்லேசிங். அன்றைய டிவிகள் ஒற்றைப்படைக் கோடுகளையும் இரட்டைப்படைக் கோடுகளையும் மாறி மாறிக் காட்டின, கேம்களும் அப்படியே அனுப்பின. டீஇன்டர்லேசிங்கை ஆட்டோமேட்டிக்கில் விடுங்கள். அது சரிவராத கேமில் எஃப்5 விசையால் ஒவ்வொரு முறையாக மாற்றிப் பாருங்கள். சில கேம்களுக்கு நோ-இன்டர்லேசிங் பேட்ச் உள்ளேயே கிடைக்கும், கிடைத்தால் அதுதான் சுத்தம்.

## மற்ற கன்சோல்கள், சுருக்கமாக

நின்டென்டோ 64-இல், படம் வரையும் துணை மென்பொருளான வீடியோ பிளகின் எது என்பதே பெரிய கேள்வி. மரியோ கார்ட் 64-இன் லூயிஜி ரேஸ்வேயில் ஒரு பெரிய திரை இருக்கும், பந்தயத்தையே அதில் நேரலையாகக் காட்டும். பழைய பிளகின்களில் அந்தத் திரை கறுப்பாகவோ குப்பையாகவோ தெரியும், காரணம் வரைந்த படத்தை நினைவகத்திலிருந்து திரும்ப எடுக்கும் ஃபிரேம்பஃபர் எமுலேஷன் அவற்றில் இல்லை, அல்லது அணைந்திருக்கிறது. ஜிலைட்என்64 பிளகினில் அதைப் போடுங்கள். வல்கன் (கிராபிக்ஸ் சிப்போடு மென்பொருள் பேசும் ஒரு வழி) ஒழுங்காக ஓடும் கணினி என்றால் பேரலல் ஆர்டிபி என்ற பிளகினுக்கு மாறிவிடுங்கள். அசல் சிப்பை அப்படியே பின்பற்றுவதால் பாதித் தலைவலி அதோடு போய்விடும்.

டிரீம்காஸ்ட் கேமில் கண்ணாடி, புகை, வெடிப்பு எல்லாம் தவறான வரிசையில் ஒன்றை ஒன்று மறைத்தால், ஃபிளைகாஸ்ட் எமுலேட்டரில் ஆல்ஃபா சார்ட்டிங்கை 'பெர் பிக்சல்' ஆக்குங்கள். அந்தக் கன்சோலின் சிப் ஒளி ஊடுருவும் பொருள்களைப் பிக்சல் பிக்சலாகத் தானே வரிசைப்படுத்தியது. வேகத்தில் விலை கொடுக்க வேண்டியிருக்கும்.

கேம்கியூப், வீ இரண்டுக்குமான டால்ஃபினில் ஒரு காட்சி வெறுமையாகவோ உறைந்தோ தெரிந்தால் ஹாக்ஸ் பக்கத்தைத் திறந்து, இஎஃப்பி என்று தொடங்கும் வேகக் குறுக்குவழிகளை ஒவ்வொன்றாக நீக்கிப் பாருங்கள். ஒரு எஃபெக்ட் முதன்முறை வரும்போது மட்டும் கேம் ஒரு நொடி திக்கினால் அது கோளாறில்லை. ஷேடர் தயாராகிறது, அடுத்தமுறை திக்காது. டால்ஃபினில் 2017-இல் வந்த ஊபர்ஷேடர் வசதி இதற்காகவே.

## டிரைவர், வல்கன், ஓப்பன்ஜிஎல்

ஹார்டுவேர் மட்டும் தவறாகக் காட்டுகிறது என்றால், முதலில் பேக்எண்டை, அதாவது எமுலேட்டர் கிராபிக்ஸ் சிப்போடு பேசும் வழியை, மாற்றிப் பாருங்கள். வல்கனில் இருந்தால் டைரக்ட்3டி, அதில் இருந்தால் ஓப்பன்ஜிஎல். ஒன்றில் மட்டும் கெட்டு மற்றதில் சரியாக இருந்தால் டிரைவர் மேல் சந்தேகம் வலுக்கிறது. சிப் தயாரித்தவர்களின் தளத்திலிருந்தே டிரைவரை இறக்கிப் போடுங்கள். விண்டோஸ் தானாகப் போட்டது பழையதாக இருக்கலாம். போட்ட பிறகு எமுலேட்டரின் ஷேடர் கேஷை, அதாவது தயாரித்துச் சேமித்துவைத்த ஷேடர்களை, அழித்துவிடுங்கள்.

லேப்டாப்பில் இரண்டு கிராபிக்ஸ் சிப் இருந்தால், விண்டோஸ் உங்கள் எமுலேட்டரைச் சின்னதற்கே அனுப்பிக்கொண்டிருக்கலாம். செட்டிங்ஸில் சிஸ்டம், டிஸ்ப்ளே, கிராபிக்ஸ் என்று போய் எமுலேட்டரைச் சேர்த்து 'ஹை பெர்ஃபார்மன்ஸ்' என்று குறியுங்கள்.

ரெட்ரோஆர்ச் பயன்படுத்துகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே வீடியோ டிரைவர் என்பது ரெட்ரோஆர்ச் எதைக் கொண்டு வரைகிறது என்பதைக் குறிக்கும். வல்கனை மட்டும் நம்பி எழுதிய கோரை ஓப்பன்ஜிஎல்லில் திறந்தால் கறுப்புத் திரையோ அப்படியே மூடிக்கொள்வதோதான். டிரைவரை மாற்றினால் மூடித் திறக்கவும் வேண்டும். ஷேடர் பட்டியல் திடீரென்று காலியாகத் தெரிந்தாலும் பயப்பட வேண்டாம்: பழைய ஜிஎல் டிரைவருக்கு ஜிஎல்எஸ்எல் வகை, வல்கன் போன்றவற்றுக்கு ஸ்லாங் வகை. டிரைவர் மாறியதும் மற்ற வகைப் பட்டியலைக் காட்டாது.

ஃபோனில் விளையாடுகிறீர்களா? அங்கே டிரைவரை நீங்களாக மாற்றுவது கடினம், ஃபோன் அப்டேட்டோடு வந்தால் உண்டு. அட்ரினோ கிராபிக்ஸ் சிப் இருந்தால் டர்னிப் என்ற திறந்தமூல வல்கன் டிரைவரை ஏற்றிக்கொள்ள சில எமுலேட்டர்கள் இடம் தருகின்றன. மாலி சிப் என்றால் வல்கன், ஓப்பன்ஜிஎல் இரண்டையும் மாற்றிப் பார்ப்பதுதான் கையில் இருக்கும் ஆயுதம். ஆண்ட்ராய்டில் பிளேஸ்டேஷன் 2-க்கு இருந்த ஏதர்எஸ்எக்ஸ்2-இன் வேலை 2023-லேயே நின்றுவிட்டது. அதில் தெரியும் கோளாறு கணினியின் புது பிசிஎஸ்எக்ஸ்2-இல் இல்லையென்றால், ஃபோனைக் குறைசொல்லிப் பயனில்லை.

## அளவும் அசைவும்

ஆட்கள் குண்டாகத் தெரிந்தால் 4:3 படம் 16:9-க்கு இழுக்கப்பட்டிருக்கிறது, ஆஸ்பெக்ட் ரேஷியோவை மாற்றுங்கள். படம் நகரும்போது பிக்சல்கள் ஒன்று பெருத்து ஒன்று சிறுத்துப் பளபளத்தால் அது பெருக்கல் கணக்கு. சூப்பர் நின்டென்டோவின் 224 கோடுகளை 1080-க்கு விரித்தால் 4.82 மடங்கு, எல்லாக் கோட்டுக்கும் சம உயரம் கொடுக்க முடியாது. இன்டிஜர் ஸ்கேல் போட்டால் சரியாக 4 மடங்கில் 896 கோடாக நிற்கும், மேலும் கீழும் கறுப்புப் பட்டை வரும்.

படம் குறுக்கே கிழிந்தால் விசிங்க் செட்டிங்கைப் போடுங்கள். சீராக ஓடாமல் லேசாகத் தத்தித் தத்திப் போனால், கையிலிருப்பது ஐரோப்பியப் பதிப்பா என்று பாருங்கள். 50 ஹெர்ட்ஸ் கேம் 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒவ்வொரு ஐந்து ஃபிரேமுக்கும் ஒன்றை இரட்டிக்க வேண்டியிருக்கும். கேமிலேயே 60 ஹெர்ட்ஸ் தேர்வு இருந்தால் அதை எடுங்கள். பழைய ஐரோப்பியப் பதிப்புகள் பலவற்றில் அது இல்லை. அவை சுமார் 17 சதவீதம் மெதுவாகவே ஓடும்.

## சாஃப்ட்வேரிலும் தவறு என்றால்

முதல் சந்தேகம் சேவ் ஸ்டேட். அது கேமின் சேமிப்பு மட்டுமில்லை, அந்த நொடியில் கன்சோலின் நினைவகம் முழுவதையும் உறையவைத்த நகல், வீடியோ நினைவகம் உட்பட. டெக்ஸ்சர் கெட்டிருந்த நொடியில் சேமித்திருந்தால், செட்டிங்கை எவ்வளவு திருத்தினாலும் கெட்டதே திரும்ப வரும். கேமுக்குள்ளேயே மெமரி கார்டில் சேமித்து, எமுலேட்டரை மூடி, புதிதாகத் தொடங்கி அந்தச் சேமிப்பைத் திறங்கள். எமுலேட்டரைப் புதுப்பித்த பிறகும் இப்படியே செய்யுங்கள்.

அடுத்தது எமுலேட்டரின் வயது. பிசிஎஸ்எக்ஸ்2-இன் 2.0 பதிப்பு 2024 ஜூலையில் வந்தது. இன்னமும் 1.6-ஐ வைத்துக்கொண்டு பழைய வழிகாட்டிகளைப் பின்பற்றி பிளகின் தேடுகிறவர்களைப் பார்க்கிறேன். புதியதில் பிளகினே கிடையாது.

கடைசியாகக் கேம் கோப்பு. கெட்ட கோப்பு பெரும்பாலும் உறைதலாகவோ வீடியோக் காட்சியில் கட்டம் கட்டமாகவோ தெரியவரும், நிழலை மட்டும் கெடுப்பது அபூர்வம். கோப்பின் கைரேகை போன்ற ஹாஷ் எண்ணைக் கணக்கிட்டு, சரியான டிஸ்க்குகளைப் பட்டியலிடும் ரீடம்ப் தொகுப்போடு ஒப்பிடலாம். பொருந்தாவிட்டால் டிஸ்க்கைத் துடைத்து மறுபடி எடுங்கள்.

## உதவி கேட்கும்போது

இத்தனைக்கும் பிறகு தீரவில்லை என்றால் எமுலேட்டர் எழுதுகிறவர்களிடம் சொல்லலாம். "படம் சரியில்லை, உதவுங்கள்" என்று மட்டும் எழுதினால் பதில் வராது. எமுலேட்டரின் முழுப் பதிப்பு எண், கிராபிக்ஸ் சிப்பின் பெயர், டிரைவர் பதிப்பு, கேம் எந்த நாட்டுப் பதிப்பு, கோளாறு வரும் இடம், ஒரு மடங்கிலும் சாஃப்ட்வேரிலும் என்ன தெரிகிறது, இவ்வளவையும் எழுதுங்கள். மேலே நீங்கள் செய்த சோதனையின் விடைகள்தான் இவை. மானிட்டரை ஃபோனில் படமெடுத்து அனுப்பாமல் எமுலேட்டரின் ஸ்கிரீன்ஷாட் விசையை அழுத்துங்கள். பிசிஎஸ்எக்ஸ்2-இல் அது எஃப்8. ஷிஃப்ட்டோடு சேர்த்து எஃப்8 அழுத்தினால் ஜிஎஸ் டம்ப் என்று ஒரு கோப்பு உருவாகும். அந்த ஃபிரேமை வரையச் சிப்புக்குப் போன கட்டளைகள் எல்லாம் அதில் இருக்கும். அவர்கள் உங்கள் கேம் இல்லாமலே அதே நிழலைத் தங்கள் கணினியில் வரைந்து பார்ப்பார்கள்.